302-இல் 147 போனால்

2021 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்ப்பதற்காக ஒரு தாளில் பத்துக் கணக்கு எழுதிக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தேன். அதில் ஒன்று 302 − 147. அவள் எழுதிய விடை 245.

நான்காம் வகுப்பு முடித்த பிள்ளை. கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவள்தான். எப்படிக் கண்ணு வந்துச்சு என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்லம்மா, அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன். பூஜ்யத்துல நாலு போகாது, அதனால நாலையே போட்டுட்டேன்" என்றாள். தயக்கமே இல்லாமல் சொன்னாள். ஒவ்வொரு படிக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. 302 என்றால் மூன்று நூறும் இரண்டு ஒன்றும் என்ற படமே அவள் மனதில் இல்லை. 3, 0, 2 என்று மூன்று இலக்கங்கள், ஒன்றுக்கொன்று உறவில்லாமல் வரிசையில் நின்றன.

நாலாவது முடிந்தது, ஐந்தாவது புத்தகம் வாங்கினால் போதும் என்று நான் போட்டிருந்த திட்டம் அன்றைக்கே போயிற்று.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள். கணவர் தோப்பையும் ஒரு சிறிய நாற்றுப் பண்ணையையும் பார்க்கிறார். நான் பி.காம். படித்துவிட்டுப் பக்கத்துத் தேங்காய் நார் மில்லில் ஏழு வருடம் கணக்கு எழுதினேன். இப்போது பெரியவளுக்கு 13, நடுவனுக்கு 10, சின்னவளுக்கு 7. மூவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். ஏன் நிறுத்தினோம் என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த நான்கு வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "கணக்குக்கு எந்தப் புத்தகம் வைக்கறீங்க?" என்பதுதான். ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு என்னிடம் பெரிதாகப் பதில் இல்லை. நல்ல புத்தகம் எதை எடுத்தாலும் நடக்கும். இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். புத்தகம் எவ்வளவு நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், அது தினமும் உங்களிடம் எத்தனை நிமிடம் கேட்கிறது என்று பாருங்கள். எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது.

பெரியவளிடமிருந்தே தொடங்குகிறேன். மேத் மேமத் என்று அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. மரியா மில்லர் என்பவர் எழுதுவது. எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று பார்க்கும் தேர்வுத் தாள்களை அவர்களுடைய தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறார்கள். புத்தகம் வாங்காவிட்டாலும் அந்தத் தாள்களை மட்டுமாவது எடுத்துப் பாருங்கள். நான் மூன்றாம் வகுப்பு முடிவுக்கான தாளை அவளிடம் கொடுத்தேன். வாய்ப்பாடு நன்றாகச் சொன்னாள், வடிவங்கள் தெரிந்தன, கடிகாரம் பார்த்தாள். இடமதிப்பும் கழித்தலும் மட்டும் அப்படியே சரிந்திருந்தன. ஒரு பிள்ளை 'எந்த வகுப்பு' என்ற கேள்விக்கே அர்த்தமில்லை என்று அப்போது தோன்றியது. ஒரே பிள்ளை வாய்ப்பாட்டில் நான்காம் வகுப்பிலும் இடமதிப்பில் இரண்டாம் வகுப்பிலும் இருக்கலாம்.

இரண்டு வகுப்பு கீழே போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவாள். அதனால் கீழ் வகுப்புப் பாடங்களை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போடும்போதே, வகுப்பு எண் இருந்த அட்டையை எடுத்துவிட்டு வெறும் நீல அட்டை போடச் சொன்னேன். இன்றுவரை எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகம் எதன் அட்டையிலும் வகுப்பு எண் கிடையாது.

புத்தகத்துக்கு முன்னால் ஈர்க்குச்சி. தோப்பு வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. விளக்குமாற்றுக்குக் கிழித்து வைத்த ஈர்க்கை விரல் நீளத்துக்கு வெட்டிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டோம். பத்துக் கட்டைச் சேர்த்துச் சணலால் கட்டினால் நூறு. மூன்று பெரிய கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. இதிலிருந்து 147-ஐ எடுத்துக் கொடு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நூற்றுக்கட்டின் சணலை அவிழ்த்தாள். பத்துக் கட்டு வந்தது. அதில் ஒன்றின் ரப்பர் பேண்டை எடுத்தாள். கையில் பன்னிரண்டு குச்சி. ஏழை எடுத்து வைத்தாள், நான்கு கட்டை எடுத்து வைத்தாள், ஒரு பெரிய கட்டை எடுத்து வைத்தாள். மிச்சத்தை எண்ணி, "நூத்தி அம்பத்தஞ்சு" என்றாள். அப்புறம் சொன்னாள்: "இதுல யாரும் கடன் வாங்கலையேம்மா. கட்டைத்தான அவுக்கறோம்?"

நானும் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று படித்தவள்தான். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே யாருக்கு யார் என்ன கொடுக்கிறார்கள்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'கட்டவிழ்த்துக் கழித்தல்' என்றுதான் பெயர். தம்பிக்கும் தங்கைக்கும் அவளே அந்தப் பெயரில்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்துச் சிங்கப்பூர்ப் புத்தகம். பிரைமரி மேத்தமேட்டிக்ஸ் என்று 1982-இல் அந்த நாட்டுப் பாடத்திட்ட நிறுவனமே தங்கள் பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த வரிசை. 1995-இல் நடந்த டிம்ஸ் என்ற உலக அளவிலான கணிதத் தேர்வில் நான்காம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முதலிடத்தில் வந்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டில் படிக்கவைப்பவர்கள் பலர் அந்தப் புத்தகங்களைத் தேடிப்போனார்கள். முதலில் கையில் பொருள், அடுத்தது படம், கடைசியில்தான் எண் என்பது அதன் வழி. ஈர்க்குச்சியில் நாங்கள் தற்செயலாகச் செய்ததை அவர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் யோசித்துச் செய்திருந்தார்கள். கோவையில் ஒரு குடும்பத்திடமிருந்து பழைய செட்டை வாங்கி வந்தேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது பட்டைப் படம். "அக்காவிடம் தம்பியைவிட 24 காய் அதிகம். இருவரிடமும் சேர்த்து 100 காய். தம்பியிடம் எத்தனை?" என்றால் நாம் எக்ஸ் போட்டுச் செய்வோம். அதற்கு ஏழாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். நடுவன் எட்டு வயதில் இரண்டு பட்டை வரைந்தான். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளத்தில் மிஞ்சி நிற்கும் துண்டுக்கு 24 என்று எழுதினான். நூறிலிருந்து அந்தத் துண்டை வெட்டினால் 76. இப்போது இரண்டு பட்டையும் சமம், ஆளுக்கு 38. தம்பிக்கு 38, அக்காவுக்கு 62. பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான், சூத்திரம் எதுவும் இல்லை. பின்னால் எக்ஸ் வரும்போது அந்தக் குட்டைப் பட்டைதான் எக்ஸ் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இவ்வளவு நல்ல புத்தகம் கிடைத்துவிட்டதே, மூவரையும் இதிலேயே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு பேர் இருக்கும்வரை நடந்தது. 2023 ஜூனில் சின்னவளும் சேர்ந்தாள். ஆகஸ்டுக்குள் காலைப் பொழுது கையை விட்டுப் போனது.

காரணம் முதலில் தெரியவில்லை. மில்லில் கணக்கு எழுதிய பழக்கத்தில் ஒரு வாரம் நோட்டுப் போட்டு நிமிடத்தை எழுதினேன். பெரியவளுடன் 50, நடுவனுடன் 45, சின்னவளுடன் 30, மூவர் நோட்டையும் திருத்த 25. ஒரு நாளைக்கு 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம், கணக்குக்கு மட்டும். தமிழ், ஆங்கிலம், அறிவியல் எல்லாம் இதற்கு வெளியே. சமையல் இருக்கிறது. காய் ஏற்ற லாரி வந்தால் எண்ணுவதற்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். இதைவிட உறுத்திய ஒன்றையும் அந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். நான் பெரியவளுடன் இருக்கும்போது நடுவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால், பென்சிலைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான். சின்னவளின் முறை பதினொன்றரைக்குத்தான் வந்தது. அதற்குள் அவளுக்குத் தூக்கம், எனக்குப் பொறுமை இல்லை. மூவரில் என்னை அதிகம் தேவைப்பட்டவளுக்குக் கிடைத்தது கடைசி அரை மணி நேரம்தான்.

அந்தப் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நடத்துவதற்காக எழுதியது அது. ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மா என்றால் அதுதான் அதன் பலம்.

அந்த வாரக் கடைசியில் கணவரும் நானும் உட்கார்ந்து பிரித்தோம். மேத் மேமத்தில் பாடமே பிள்ளையிடம் பேசுவது போல எழுதியிருக்கும். விளக்கமும் பயிற்சியும் ஒரே பக்கத்தில் வரும், ஆசிரியருக்கென்று தனியாகப் புத்தகம் வைத்துக்கொண்டு நடத்த வேண்டியதில்லை. பதினொரு வயதுப் பிள்ளை தானே படித்துச் செய்துவிட்டு, புரியாத இரண்டை மட்டும் என்னிடம் கொண்டுவரலாம். அதனால் பெரியவளை அதற்கு மாற்றினேன். என் பங்கு பத்து நிமிடமாகக் குறைந்தது. நடுவனுக்குச் சிங்கப்பூரே பொருத்தம், அங்கேயே விட்டேன். சின்னவளை முதல் ஆளாக்கினேன். காலை எட்டு மணிக்கு, மற்ற இருவரும் கோழிக்கும் மாட்டுக்கும் தீனி வைக்கும் நேரத்தில், அரை மணி நேரம் நான் அவளுக்கு மட்டும்.

செலவும் இதில் சேரும். எழுதித் தீர்க்கும் பயிற்சிப் புத்தகம் என்றால் பிள்ளைக்கு ஒன்று வாங்க வேண்டும். மேத் மேமத் பிடிஎஃப் ஒருமுறை வாங்கினால் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். பெரியவளுக்கு வாங்கியது சின்னவள் வரை வரும்.

அமெரிக்கப் புத்தகத்தில் நம் பிள்ளைக்கு ஒட்டாத இடங்களும் உண்டு. டாலர், சென்ட், பவுண்டு, காலன் வரும் பாடங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பாடநூலிலிருந்து ரூபாய், லிட்டர், கிலோ பாடங்களை வைத்தேன். அந்தப் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. கமா விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காய் விற்ற கணக்கை எழுதும்போது பெரியவள் 125,000 என்று எழுதினாள். என் மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன கண்ணு, கமா எடம் மாறி உக்காந்திருக்குது?" என்றார். அவரே அவளை உட்கார வைத்து லட்சம், பத்து லட்சம், கோடி என்று எழுதிக் காட்டினார். இப்போது இரண்டு முறையும் அவளுக்குத் தெரியும். வெளிநாட்டுப் புத்தகம் வைப்பவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு சின்னவளுக்கு ஆறு மாதம் புத்தகமே வைக்கவில்லை. அத்தை அரிசி அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அத்தை பழைய வழக்கப்படி ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு..." என்றுதான் அளப்பார். சின்னவள் அப்படியேதான் எண்ணக் கற்றாள். தச்சரிடம் சொல்லி ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை மரக்குச்சிகள் வெட்டி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம் அடித்தோம். ஜார்ஜ் குசனேர் என்ற பெல்ஜிய நாட்டு ஆசிரியர் கொண்டுவந்த குச்சிகள் அவை. வெள்ளை ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு பத்து. பத்துக்கு எத்தனை ஜோடி என்று அவள் தரையில் படிக்கட்டு கட்டிக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகுதான் மத்திய அரசுப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023-இல் கொண்டுவந்த ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்.

மூவருக்கும் எண்ணைத் தமிழில்தான் முதலில் சொன்னேன். பதினைந்து என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஐந்தும் இருக்கின்றன. இருபது என்றால் இரு பத்து. ஆங்கிலத்து லெவனிலும் டுவெல்விலும் பிள்ளைக்கு அப்படி எதுவும் கேட்காது. தொண்ணூறில் மட்டும் தடுக்கும். எழுபது, எண்பது வந்ததும் சின்னவள் "ஒன்பதுபது" என்றாள். அவள் கேட்ட முறைப்படி அதுதான் சரி. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டையும் சுவரில் தனியாக எழுதி ஒட்டினேன்.

பின்னத்துக்கும் அத்தையின் அளவுப் பாத்திரங்கள்தான். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. முக்கால் படியும் அரைக்கால் படியும் சேர்ந்தால் எவ்வளவு என்று நடுவனிடம் கேட்டேன். அவன் பகுதியைச் சமமாக்கவில்லை. ஆழாக்கை எடுத்து அளந்தான். ஆறும் ஒன்றும் ஏழு ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி, அப்படியானால் எட்டில் ஏழு. 'எட்டில் ஏழு' என்று தமிழில் சொல்லும்போது முழுசை எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில் வந்துவிடுகிறது. இது பெரிய உதவி.

புத்தகம் மாற்றுவது பற்றி ஒன்று. தோழி ஒருவர் இரண்டு வருடத்தில் மூன்று பாடத்திட்டம் மாற்றினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையில் போகும். அவருடைய மகன் பின்னத்தை மூன்று முறை தொடங்கினான், தசமத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை. எனக்கும் அந்த ஆசை வந்தது. பெரியவள் ஒரு மாதம் பார்க்காததை மறந்துவிடுவாள். ஒரே தலைப்பை முடிக்கும்வரை நடத்தும் புத்தகம் அவளுக்குச் சரியில்லையோ என்று, சாக்ஸன் என்ற இன்னொரு பாடத்திட்டத்தின் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு பாடத்திலும் புதியது கொஞ்சம், பழையது நிறைய என்று கலந்தே வரும். அவளுக்கு அது உதவும் என்று தெரிந்தது. ஆனால் புத்தகத்தை மாற்றவில்லை. திங்கட்கிழமை தோறும் ஒரு சீட்டில் பழைய கணக்கு ஐந்து எழுதி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். எனக்கு மூன்று நிமிட வேலை. மறதி பாதியாகக் குறைந்தது.

தனித்தனிப் புத்தகம் என்றானபோது ஒரு வருத்தமும் வந்தது. மூவரும் சேர்ந்து உட்காரும் நேரம் இல்லாமல் போய்விட்டது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை. அன்று யாருக்கும் புத்தகம் கிடையாது. சென்னையில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தவர். மாதக் காலண்டரை வைத்தே பிள்ளைகளுக்கு எவ்வளவு கணக்குக் காட்ட முடியும் என்று எழுதியிருக்கிறார். அதிலிருந்துதான் எங்கள் வெள்ளிக்கிழமை தொடங்கியது.

காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒரு சதுரம் போடுங்கள். நடுவில் 16 என்றால் 8, 9, 10, 15, 16, 17, 22, 23, 24. சின்னவள் கூட்டுகிறாள்: 144. நடுவன் வேறு வேறு சதுரம் போட்டுப் பார்த்து, எப்போதும் நடு எண்ணின் ஒன்பது மடங்கு வருகிறது என்று கண்டுபிடித்தான். ஏன் அப்படி என்பது பெரியவளின் வேலை. நடுவில் எக்ஸ் என்று வைத்து, சுற்றிலும் கழித்தல் 8, கூட்டல் 8 என்று எழுதினாள். எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, ஒன்பது எக்ஸ் மிஞ்சியது. ஒரே காலண்டர் தாள், மூன்று பேர், முக்கால் மணி நேரம். அடுத்த வாரம் இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் குறுக்கே பெருக்கினார்கள். வித்தியாசம் எப்போதும் ஏழு. வாரத்துக்கு ஏழு நாள் என்பதாலா என்று கேட்டது சின்னவள்.

இப்போது முன்னால் நிற்பது பெரியவளின் பத்தாம் வகுப்பு. என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். அடுத்த வருடம் ஆகிவிடும். அவர்களுடைய கணக்குப் பாடத்தில் இயற்கணிதம், வணிகக் கணிதம், வடிவியல், அளவியல், முக்கோணவியல், புள்ளியியல் என்று ஆறு பகுதி. பெரியவளின் நோட்டை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இயற்கணிதம் பலமாக இருக்கிறது. முக்கோணவியலைப் புதிதாகத் தொடங்க வேண்டும். வணிகக் கணிதத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். வட்டியும் தள்ளுபடியும் நான் ஏழு வருடம் எழுதியவை. போன வாரம் தோப்புக்காக வாங்கிய நகைக்கடன் ரசீதைக் கொடுத்து, மூன்று மாதத்தில் கட்டினால் எவ்வளவு, ஒரு வருடம் விட்டால் எவ்வளவு என்று போடச் சொன்னேன். போட்டு முடித்துவிட்டு நேராக அவள் அப்பாவிடம் போய், "சீக்கிரம் கட்டிரலாம்ப்பா" என்றாள்.

நடுவனைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. சிங்கப்பூரில் ஐந்தாம் வகுப்பின் முதல் பாதியை மார்கழிக்குள் முடித்துவிடுவான் போலிருக்கிறது. ஆறாவதோடு அந்த வரிசை முடிகிறது. அக்கா பின்னால் மேத் மேமத்துக்குப் போவதா, என்சிஇஆர்டியின் புதிய ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போவதா என்று அவனிடமே இரண்டிலும் ஒரு பாடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரம் இரண்டையும் செய்து பார்க்கட்டும். எத்தனை முறை என்னைக் கூப்பிடுகிறான் என்று இந்தத் தடவையும் நோட்டில் குறித்து வருகிறேன்.